சீமை டானிக்கும் பூந்தமல்லிப் புழுக்களும்

மண்புழுவைக் கண்டால் முகம் சுளிக்கிற பிள்ளைகள் சிலர் இந்த வருஷம் நர்சரி வேலையில் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சுளிப்பதில் தப்பில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் எங்களிடம் செடி வாங்கிய பங்களாக்காரர்கள் எல்லாரும் சுளித்தவர்கள்தான். ஆனால் அந்தப் புழு போட்டதையே டின்னில் அடைத்துக் கொடுத்தபோது, விரலால் அள்ளி முகர்ந்து பார்த்து ஆகா என்றார்கள். நீங்கள் அந்த அளவுக்குப் போகாமல் இருந்தால் போதும்.

தொட்டிக்கு எத்தனை பங்கு மண், எத்தனை பங்கு எரு என்று நான் பேசப் போவதில்லை. அது நீங்கள் விற்கிற பையின் மேலேயே அச்சடித்திருக்கிறது. அதைப் படித்துக் காட்டுவதற்காக முட்டிவலியோடு நான் பஸ் ஏறி வர வேண்டியதில்லை. யுத்த காலத்தில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். பையின் மேல் அது இருக்காது.

அப்போது பூந்தமல்லியில் தணிகாசலம் என்பவர் ஒரு நர்சரி வைத்திருந்தார். நான் அங்கே தொட்டி ஷெட் மேஸ்திரி. கன்னியம்மா என்ற பேர் சம்பள நாளில் மட்டும் காதில் விழும். மற்ற நாளெல்லாம் மேஸ்திரிதான். குரோட்டன்ஸ், பெரணி, ரோஜா என்று தொட்டி தொட்டியாகப் பட்டணத்து பங்களாக்களுக்குப் போகும். சேத்துப்பட்டிலும் நுங்கம்பாக்கத்திலும் எங்கள் பெரணி இல்லாத வராந்தா குறைவு.

கிணற்றுக்குப் பின்னால், மாமரத்து நிழலில், புழுக்குழிகள் இருந்தன. இலைச் சருகு, மாட்டுச்சாணம், வாழைமட்டை எல்லாம் போட்டு ஈரம் காயாமல் வைத்திருப்போம். மண்புழுக்கள் அதைத் தின்றுவிட்டுக் கறுப்பாக, டீத்தூள் மாதிரி உதிர்கிற ஒரு மண்ணைக் கொடுக்கும். அதற்கு நாங்கள் வைத்திருந்த பேர் புழுமண். யார் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. நான் சேர்வதற்கு முன்பே அந்தக் குழிகள் இருந்தன. அதைப் போட்ட தொட்டியில் செடி தளதளவென்று வரும். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள எங்களுக்கு நேரமும் இல்லை.

தணிகாசலம் முதலாளிக்குச் சீமைப் பைத்தியம். சித்திரை வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு ரோஜாச் செடியைப் பார்க்க வருவார். அவர் வீட்டில் சாம்பாரைத் தவிர எல்லாம் சீமைச் சாமான். அது எப்படியோ தப்பிவிட்டது.

ஒரு நாள் நுங்கம்பாக்கத்தில் ஒரு ஜட்ஜு வீட்டம்மா, இந்தப் பெரணி மட்டும் எப்படி இவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று கேட்டார். நம்ம ஊர்க்காரம்மாதான், தமிழில்தான் கேட்டார். நானும் தமிழில்தான் சொன்னேன். புழு போட்ட மண்ணம்மா என்றேன். அந்தம்மா கையிலிருந்த தொட்டியைப் படியில் வைத்தார். வைத்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். வண்டியில் வந்த அத்தனை செடியையும் திருப்பி எடுத்துப் போகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கூட வந்திருந்த முதலாளி வழி நெடுகத் திரும்பி வந்த தொட்டிகளையே எண்ணிக்கொண்டு வந்தார். அடுத்த வாரம், ஆவடிப் பக்கத்து ராணுவ முகாமில் கழித்துப் போட்ட பிஸ்கட் டின்கள் ஒரு வண்டி வந்து இறங்கின. புழுமண்ணைச் சலித்து அந்த டின்களில் அடைக்கச் சொன்னார். மேலே ஒட்டுவதற்குக் காகிதம் அச்சடித்து வந்தது. கிரீடம் வைத்த சிங்கம் ஒன்று, அதன் கீழே ஆங்கிலத்தில் 'ராயல் லீஃப் டானிக்'. கப்பலில் வந்த சரக்கு என்று சொல்லி, அதே ஜட்ஜு வீட்டம்மாவுக்கு முதல் டின்னைக் கொடுத்தனுப்பினார். அந்தம்மா மேலும் இரண்டு டின் கேட்டு ஆளனுப்பினார்.

அன்றிலிருந்து நர்சரிக்குள் புழு என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. டானிக் என்றுதான் சொல்ல வேண்டும். சரி, எருவுக்குப் பேர் கிடைத்துவிட்டது. புழுவை எப்படிச் சொல்வது? எங்கள் ஷெட்டுப் பெண்கள் கொஞ்ச நாள் திண்டாடினார்கள். பிறகு அவற்றுக்கு முதலாளி என்று பேர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கு முதலாளி நல்லா கொழுத்திருக்கார், மேலே வெயில் படுது, முதலாளி மேல சாக்கைப் போடு என்று அவர்கள் பேசிக்கொள்ள, தணிகாசலம் பக்கத்தில் நின்று பெருமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆவடி முகாமுக்கும் நாங்கள்தான் செடி கொடுத்தோம். அங்கே அதிகாரிகளின் சாப்பாட்டு மண்டபத்துக்குப் பொறுப்பாக ஒரு கேப்டன் துரை இருந்தார். அவருடைய மனைவிக்கு ரோஜா என்றால் உயிர். டானிக் டின் மாதாமாதம் போகும். காலையில் எழுந்ததும் துரை டின்னைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து பார்ப்பாராம். தன் ஊரில் மழை விட்டதும் வருகிற வாசனை என்று மனைவியிடம் சொல்வாராம். இதையெல்லாம் அந்த மண்டபத்து பட்லர் எனக்குச் சொன்னார். அவர் நம்ம பக்கத்து ஆள். துரைமாரோடு அவர்கள் பாஷையிலும் எங்களோடு எங்கள் பாஷையிலும் பேசுவார்.

அங்கே சாமான் கொண்டுபோகிறவர் காதர் பாய். பூந்தமல்லியில் மாட்டுவண்டி வைத்திருந்த ஒரு சிலரில், முகாமுக்குள் நுழைய பாஸ் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அந்த பாஸை மடித்துத் தோல் பையில் போட்டு, பையைக் கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் வைத்திருப்பார். யுத்த காலத்தில் அது பெரிய சொத்து. செடி மட்டும் இல்லை, காய்கறி, விறகு, வைக்கோல் என்று எது உள்ளே போக வேண்டுமானாலும் அவருடைய வண்டிதான். அவருடைய குடும்பம் முழுக்க அந்தத் தோல் பையில்தான் இருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு செய்தி வந்தது. முகாமைப் பார்க்க ஒரு ஜெனரல் வருகிறார்; சாமியானா போட்டு டீ விருந்து; ஒவ்வொரு மேஜை மேலும் ரோஜாத் தொட்டி, படிக்கட்டில் வரிசையாகப் பெரணித் தொட்டி. முதலாளி கோட்டுக்கு இஸ்திரி போடக் கொடுத்தார். நாங்கள் தொட்டி மாற்ற ஆரம்பித்தோம். அதற்குள், ஜெனரல் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வருகிறார் என்று தகவல்.

குழியிலிருந்து அப்போதுதான் மண்ணை அள்ளிப் போட்டிருந்தோம். ஈரமாக, கட்டி கட்டியாகக் கிடந்தது. அதை நிழலில் பரப்பிச் சில நாள் விட்டால் புழுவெல்லாம் அடியில் போய்ச் சேர்ந்துவிடும். மேலே இருப்பதை வழித்துச் சலித்துக்கொள்ளலாம். இன்னும் ஆறப்போடவில்லை, சலிக்கவில்லை, உள்ளே அத்தனையும் உயிரோடு இருக்கின்றன என்று முதலாளியிடம் சொன்னேன். அந்தச் சொல்லைத் தவிர்த்துத்தான் சொன்னேன். அதற்கு அவர், ஜெனரலைக் கொஞ்ச நாள் நிழலில் பரப்பி வைக்க முடியுமா என்று கேட்டார். அதோடு நிற்கவில்லை. செடி ஜெனரல் கண்ணுக்கு மின்ன வேண்டும், அதனால் ஒவ்வொரு தொட்டியிலும் பாதிக்கு டானிக்கையே போடு என்றார். கால் பங்குக்கு மேல் போட்டால் தண்ணீர் வடியாமல் நிற்கும் என்றேன். யார் முதலாளி என்று கேட்டார். பின்னால் நின்ற பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குழிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

விருந்தன்று நானும் காதர் பாய் வண்டியில் போனேன். பருத்திப்பட்டுக்குக் கிட்டே கூவத்துக் கரையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வண்டியை நிறுத்தினார். வழக்கமாக நிறுத்துகிற இடம்தான். முகாமில் இறக்கி வைத்தோம். இலையெல்லாம் பளபளவென்று இருக்கட்டும் என்று பட்லருடைய ஆட்கள் தொட்டி ஒவ்வொன்றிலும் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார்கள். போதும் போதும் என்று நான் சொல்லச் சொல்ல ஊற்றினார்கள். அவர்களுக்கும் ஜெனரல் பயம்.

சாயந்தரம் விருந்து நடந்தது. நான் சாமியானாவுக்குப் பின்னால், சமையல் பக்கம் நின்றேன். முதலாளி கோட்டோடு கடைசி வரிசை ஓரத்தில் நின்றார். அவருக்கு நாற்காலி போடவில்லை. ஆனாலும் விருந்துக்கு அழைக்கப்பட்டவர் மாதிரியே நின்றார்.

மண்ணுக்குள் தண்ணீர் நின்றால் புழு மூச்சுக்காக மேலே வரும். அது ஜெனரல் வந்திருப்பதைப் பார்க்காது. முதலில் ஒரு தொட்டியின் விளிம்பில் ஒன்று தலையை நீட்டியது. பிறகு மேஜைதோறும் வந்தன. வெள்ளை விரிப்பின் மேல், கேக்குத் தட்டைச் சுற்றி, சர்க்கரைக் கிண்ணத்தின் மேல் என்று நிதானமாக ஊர்ந்தன. ஒரு துரைசானி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அப்புறம் எல்லாத் துரைசானிகளும் எழுந்தார்கள். அவர்களை உட்காரச் சொல்லப் போன துரைமாரும் உட்காரவில்லை.

ஜெனரல் மட்டும் உட்கார்ந்திருந்தார். தன் தட்டுக்கு வந்த ஒன்றைக் கரண்டியால் எடுத்துப் புல்லில் விட்டுவிட்டு டீயைக் குடித்து முடித்தார். பீரங்கிக்கு முன்னால் நின்றவர். அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சிறிது நேரத்தில் காரில் ஏறிப் போய்விட்டார். அவர் கோபப்படாததால், அவருக்கும் சேர்த்துக் கேப்டன் துரை கோபப்பட வேண்டியதாயிற்று.

அது எப்படிப்பட்ட காலம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். தந்திக் கம்பி அறுந்தாலும் சதி, தண்டவாளத்தில் கல் கிடந்தாலும் சதி. விருந்தைக் கெடுக்க யாரோ வேண்டுமென்றே செய்த வேலை என்று துரை முடிவு கட்டிவிட்டார். காதர் பாயை இரண்டு சிப்பாய்கள் காவல் அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு, பிறகு துரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கழுத்திலிருந்த தோல் பை மேஜை மேல் கிடந்தது. முதலாளியையும் கூப்பிட்டார்கள். செடி வைத்தவள் என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

முதலாளி ஆங்கிலத்தில் பேசினார். எனக்கு இரண்டொரு சொல்தான் பிடிபட்டது. பக்கத்தில் நின்ற பட்லர் என் காதோடு சொன்னார்.

"ஒங்க மொதலாளி இன்னா சொல்றாரு தெரியுமா? கூவத்தாண்ட வண்டிய நிறுத்துனான் இல்ல, அப்போ புழுவப் புடிச்சித் தொட்டில போட்டுக்கினானாம். எவனோ சுயராஜ்யக்காரன் காசு குடுத்தானாம்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். நான் உண்மையைச் சொன்னால் சீமை டானிக் பொய் என்று ஆகிவிடும். முகாமுக்குச் செடி கொடுப்பது நிற்கும். ஷெட்டில் கூலி வாங்குகிற பெண்களின் அடுப்பில் கை வைத்த மாதிரி ஆகும். என் வேலை நிச்சயம் போகும். சொல்லாவிட்டால் காதர் பாய் போவார். எங்கே, எத்தனை காலத்துக்கு என்று யாருக்கும் தெரியாது.

நான் உடனே வாய் திறந்தேன். அது தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். காதர் பாய் ஒரு முறை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எந்தக் கெஞ்சலும் இல்லை. இவள் சொல்லமாட்டாள் என்று அவர் ஏற்கனவே முடிவு செய்துவிட்டிருந்தார். அது எனக்கு ரோஷமாக இருந்தது. அவ்வளவுதான்.

பட்லரிடம் சொன்னேன். "தொரையாண்ட சொல்லுங்க. புழு வழில ஏறல. எங்க ஷெட்லயே தொட்டிக்குள்ள இருந்துச்சு. அந்த டானிக்குன்றதே புழு போட்டதுதான்."

பட்லர் என்னைப் பார்த்தார். "டின்னுல கீறது?"

"அதுவும் அதான்."

"அத்த நான் எப்டிம்மா சொல்லுவேன்? தெனம் மோந்து பாக்குறாரும்மா."

அருகில் இருந்த ஒரு ரோஜாத் தொட்டியை எடுத்துப் புல்லில் கவிழ்த்தேன். வேரைச் சுற்றிக் கறுப்பு மண் கட்டி கட்டியாக விழுந்தது. உள்ளே இருந்தவை நெளிந்தன. பட்லர் துரையிடம் சொன்னார். எந்தச் சொல்லைப் போட்டுச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. துரை தன் ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் பார்த்தார். பிறகு அவற்றைக் கால்சட்டையில் துடைத்தார். முதலாளியிடம் ஏதோ கேட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை அத்தனை ஆங்கிலம் பேசிய முதலாளி அதற்குத் தமிழில் பதில் சொன்னார்.

நியாயம் நடந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? கேளுங்கள். தானே மாதக்கணக்காகப் புழுக் கழிவை முகர்ந்து பார்த்து மெச்சியதைத் துரை எப்படி மேலிடத்தில் சொல்வார்? மழைக்குப் புல்தரையிலிருந்து புழு ஏறிவிட்டது என்று சொல்லி விஷயத்தை மூடினார். அதாவது ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால் முதலாளியின் வியாபாரம் அப்படியே தொடர்ந்தது. இனி ஒரு புழுகூடக் கண்ணில் படக் கூடாது என்று மட்டும் எச்சரித்தார்கள். காதர் பாயை விட்டார்கள். பாஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இவ்வளவு கலவரத்துக்கு யாராவது ஒருவர் தண்டனை அனுபவித்தால்தானே துரைக்கு மனம் ஆறும்? கோட்டு போட்டவரை விட வண்டிக்காரர் வசதி.

மறுநாள் காலையில் முதலாளி என்னை ஷெட்டு வாசலிலேயே நிறுத்தினார்.

"உண்மை பேச உனக்கு வேற இடம் கிடைக்கலையா கன்னியம்மா?" என்றார்.

அன்றோடு என் வேலை போயிற்று. கணக்குத் தீர்த்துக்கொண்டு கிளம்பினேன். போகும்போது குழியிலிருந்து ஒரு கூடை புழுவை அள்ளிக்கொண்டேன். அப்படி ஒரு பொருளே அந்த நர்சரியில் இல்லை என்று அவர்தான் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். இல்லாத பொருளை எடுத்ததைத் திருட்டு என்று எப்படிச் சொல்வார்?

பூந்தமல்லியை ஒட்டிய சென்னீர்குப்பத்தில் காதர் பாய் வீட்டுக்குப் பின்னால் புங்கமரத்து நிழலில் கொஞ்சம் இடம் கிடந்தது. அங்கே குழி எடுத்தேன். ஷெட்டிலிருந்து இரண்டு பெண்கள் என்னோடு வந்துவிட்டார்கள். முகாம் வாடகை போன பிறகு காதர் பாய்க்குச் சில்லறை லோடுதான். சும்மா நிற்கிற நாளில் எனக்கு வண்டியில் சருகு அடித்துக் கொடுப்பார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அந்த மழைக்காலத்தில் இன்னும் குறைத்துக்கொண்டார். ரோட்டில் ராணுவ லாரிச் சத்தம் கேட்டால் கை தானாகச் சட்டைக்குள் போய்க் கழுத்தைத் தடவும். அங்கே ஒன்றும் இருக்காது.

நான் புழுமண்ணைப் புழுமண் என்று சொல்லியே விற்றேன். அதனால் யாரும் வாங்கவில்லை. உண்மை பேசினால் ஊர் கொண்டாடும் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். பட்டணத்து பங்களாக்களில் வாசற்படி ஏறவிடவில்லை. பூந்தமல்லிக் கடைத்தெருவில் எனக்கு ஒரு பட்டப்பேர் கிடைத்தது. அதை இங்கே சொன்னால் உங்கள் மேலாளர் என்னை அடுத்த முறை கூப்பிடமாட்டார். திருமழிசைப் பக்கம் மல்லி போட்டிருந்த சிலர் மட்டும் மூட்டை மூட்டையாக எடுத்தார்கள். அவர்கள் மண்ணின் பேரைப் பார்க்கவில்லை, செடியைப் பார்த்தார்கள். அவர்களால் எங்கள் அடுப்பு எரிந்தது.

இதற்குள் தணிகாசலம் முதலாளி ஒரு காரியம் செய்திருந்தார். ஷெட்டில் மிச்சமிருந்த பெண்கள் வந்து சொன்னபோது நான் முதலில் நம்பவில்லை. ஒரு புழுகூடக் கண்ணில் படக் கூடாது என்று துரை சொன்னாரே, அதற்காகப் புழுக்குழி எல்லாவற்றிலும் ஃபினாயிலை ஊற்றச் சொல்லியிருக்கிறார். புழு இல்லாத சுத்தமான டானிக் அவருக்கு வேண்டுமாம். வேண்டாம் என்று அந்தப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். சீமையில் எல்லாவற்றுக்கும் ஃபினாயில்தான் என்றிருக்கிறார். இரண்டே நாளில் குழி நாறிவிட்டது. முதலாளி எல்லாம் செத்துப்போச்சு மேஸ்திரி என்று ஒரு பெண் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எத்தனை நாள் சாக்கு போட்டு, தண்ணீர் தெளித்துக் காப்பாற்றிய குழிகள்.

அதற்குப் பிறகு அவர் டின்களில் ஏரி வண்டலையும் கரித்தூளையும் கலந்து அடைத்தார். சிங்கமும் கிரீடமும் அப்படியே இருந்தன. செடிகளுக்குப் படிக்கத் தெரியாதே. நுங்கம்பாக்கத்துப் பெரணி பழுத்தது. பட்டணத்தில் பூச்செடிக் கண்காட்சி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஜட்ஜு வீட்டம்மா பரிசுக்குப் பெரணி வைப்பதாக ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

தை மாதத்தில் ஒரு மத்தியானம், முதலாளி சென்னீர்குப்பத்துக்கு வந்தார். ஜட்காவை ரோட்டு முனையிலேயே நிறுத்திவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்து வந்தார். காதர் பாய் வண்டிச் சக்கரத்துக்கு அடியில் படுத்து அச்சுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

முதலாளி கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு கொஞ்சம் சரக்கு வேண்டும் என்றார். என்னோடு இருந்த பெண்கள் இரண்டு பேரும், குடுக்காதே மேஸ்திரி, அலையட்டும் என்றார்கள், அவர் காதில் விழும்படி.

எனக்கும் அப்படிச் சொல்லிவிடத்தான் வாய் துடித்தது. சொல்லியிருந்தால் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பேன். ஆனால் காதர் பாய்க்கு அதனால் என்ன? இந்த மனிதருக்கு என்னிடம் ஒன்று தேவைப்படுகிறது. இது மறுபடி வாய்க்காது. அப்படி ஒரு நேரம் கையில் வந்தால் அதைத் திட்டித் தீர்க்காதீர்கள் பிள்ளைகளே. திட்டு வாங்கிக்கொண்டு அவர் போய்விடுவார். கூவத்து மண்ணை டின்னில் அடைத்து அதையும் விற்பார்.

"மூட்டை தரேன்," என்றேன். "மொதல்ல பாயக் கூட்டிகினு முகாமுக்குப் போங்க. அன்னிக்கு அவரப் பத்தி சொன்னது பொய்னு தொரை மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. பாஸ திருப்பி வாங்கிக் குடுங்க."

முதலாளியின் முகம் சுருங்கியது. "சொன்னா என்னைப் பிடிச்சு உள்ளே போட்டுடுவானேம்மா."

"போட்டா பாய் ஒங்களுக்கு சோறு எடுத்துகினு வருவாரு."

வண்டிக்கு அடியிலிருந்து காதர் பாயின் குரல் வந்தது. "அதுக்கும் பாஸு வோணும் தங்கச்சி."

அந்த மழைக்காலத்துக்குப் பிறகு அவர் வேடிக்கையாகப் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கண்காட்சி பயம் துரை பயத்தை ஜெயித்தது. மறுநாளே போனார்கள். காதர் பாய் வெளுத்த சட்டை போட்டு, தொப்பி வைத்து, பெருநாளுக்குப் போகிற மாதிரி கிளம்பினார். முதலாளி அன்று கோட்டு போடவில்லை. சாயந்தரம் வண்டி திரும்பி வந்தது. தோல் பை கழுத்தில் தொங்கியது, பாஸ் கிடைத்துவிட்டது. ஆனால் காதர் பாயின் முகத்தில் சந்தோஷம் இல்லை. மாட்டை அவிழ்த்தபடி நடந்ததைச் சொன்னார்.

துரை வராந்தாவில் உட்கார்ந்து துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தாராம். முதலாளி வேர்த்துப்போய், கையைக் கட்டிக்கொண்டு, வண்டிக்காரன் மேல் நான் சொன்னது பொய் என்று சொல்லியிருக்கிறார். துரைக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த வண்டிக்காரன், என்ன பொய் என்று பட்லரைக் கேட்டாராம். பட்லர் ஜெனரல், டீ, புழு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்த பிறகுதான் ஞாபகம் வந்ததாம். ஓ, அந்தப் புழுவா என்று வாய்விட்டுச் சிரித்தாராம். காதர் பாயைப் பார்த்து, இந்த ஆள்தானா என்று கேட்டுவிட்டு, பாஸைக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார். பிறகு முதலாளியைப் பக்கத்தில் கூப்பிட்டு, மனைவியின் ரோஜாக்கள் வாடுகின்றன, அந்தப் பழைய டானிக் மறுபடி கிடைக்குமா என்று கேட்டாராம். அது என்னவென்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் டின்னிலேயே கொடு என்றாராம்.

இதைச் சொல்லிவிட்டு காதர் பாய் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"அவுரு மறந்துட்டாரு தங்கச்சி," என்றார். "நான் இன்னும் அந்த ரூம்லயே குந்திகினு கீறேன்."

நான் மாட்டுக்குத் தண்ணீர் எடுத்து வைத்தேன்.

முதலாளிக்கு நான் வாக்குக் கொடுத்தபடி மூட்டை கொடுத்தேன். ஜட்ஜு வீட்டம்மா பரிசு வாங்கினாரா என்று நான் விசாரிக்கவில்லை. முகாமுக்கு மறுபடி காதர் பாய் வண்டி போயிற்று. வெள்ளைக்காரர்கள் கப்பல் ஏறும்வரை அந்த டின்களையும் அவர்தான் ஏற்றிப் போனார்.

பிள்ளைகளே, நீங்களும் இப்போது அழகழகான பைகளில் விற்கிறீர்கள். வாசலில் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். ஒன்றில் பனிமலைப் படம், இன்னொன்றில் ஏதோ ஒரு தேவதை. இந்த ஊர்ச் சாணத்துக்கும் பனிமலைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கப் போவதில்லை. வியாபாரம் உங்களுடையது. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பொருளை இன்னதென்று சொல்ல வெட்கப்பட்டு நீங்கள் ஒரு பொய் வைத்தால், அது வெளியே வருகிற நாளில் மாட்டிக்கொள்கிறவர் நீங்களாக இருக்கமாட்டீர்கள். உங்கள் சரக்கை ஏற்றிக்கொண்டு போனவராக இருப்பார். அவர் வீடு எந்தத் தெருவில் என்றாவது விசாரித்து வைத்துக்கொண்டு, அப்புறம் லேபிளை ஒட்டுங்கள்.